திறவுகோலும் ஓர் அமானிதமே



ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன்பின் அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு கிராமவாசிக்கு அறிவுறுத்திய செய்தியை நாம் அறிவோம். கட்டுவதும் பூட்டுவதும் தவக்குலுக்கு மாறானவை அல்ல. தவக்குலின் முதற்படி அவையே. வீட்டுக்குப் பூட்டு, பீரோவுக்குப் பூட்டு, பள்ளிவாசல் உண்டியலுக்குப் பூட்டு என நம் வாழ்வில் பூட்டில்லாத இடமில்லை. எங்கள் தாயில்பட்டிப் பக்கத்தில் பட்டாசு ஆலைகளின் மேகசின் அறைக்குப் போடும் பூட்டு இவை எல்லாவற்றிலும் கடுமையானது. அதன் சாவி உரிமம் பெற்றவரிடமோ, அவர் நம்பி நியமித்தவரிடமோ மட்டுமே இருக்க வேண்டும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பூட்டுகள். சாவி தொலைந்தால் பூட்டுக்காரரை அழைக்கலாம். அதுவும் ஆகாவிட்டால் உடைக்கலாம். இன்று நம் வீடுகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூட்டும் வந்து அமர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் என்னும் கணிப்பொறியின் பூட்டு அது. ‘பாஸ்வேர்டு’ எனப்படும் கடவுச்சொல் அதன் சாவி. இரும்பாலான சாவியைப் பிள்ளைகள் தேடி எடுப்பார்கள். மனத்துக்குள் மட்டுமே இருக்கும் சாவியை யார் தேடுவது? பொருளுக்கு உரியவரையே அந்தப் பூட்டு வெளியில் நிறுத்திவிட்டால் என்ன செய்வது? இம்மாதம் இதுபற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

பூட்டு பிறந்த கதை

ஒரே கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தத் தொடங்கிய காலத்தில்தான் கடவுச்சொல்லின் தேவை எழுந்தது. 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாஸாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கொர்பாட்டோ என்பாரின் குழுவினர் அத்தகைய அமைப்பு ஒன்றை உருவாக்கினர். ஒருவரின் கோப்பை மற்றவர் பார்த்துவிடாதிருக்க, ஆளுக்கொரு சொல் கொடுக்கப்பட்டது. ஆனால் அச்சொற்கள் அனைத்தும் ஒரே பட்டியலில், உள்ளது உள்ளபடியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. 1960-களில் ஒருநாள் ஒரு கோளாறு நேர்ந்தது. அன்றைய அறிவிப்பு தோன்ற வேண்டிய இடத்தில் அந்தக் கடவுச்சொல் பட்டியலே, உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்பும் வந்து நின்றது!

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் ‘யூனிக்ஸ்’ என்னும் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். முந்தையோர் பட்ட துன்பம் அவர்களுக்குப் பாடமாயிற்று. யூனிக்ஸ் நம் கடவுச்சொல்லைச் சேமித்து வைப்பதே இல்லை. அரிசியைச் சோறாக்கலாம், சோற்றைத் திரும்ப அரிசியாக்க முடியாது அன்றோ? அதுபோல நாம் தரும் சொல்லை ஒரு கணக்கு முறைக்கு உட்படுத்தி, திரும்பி வரவியலாத வேறொரு வடிவமாக மாற்றி, அந்த வடிவத்தை மட்டுமே அது குறித்து வைக்கிறது. அடுத்த முறை நாம் சொல்லைத் தட்டியதும் மீண்டும் அதே கணக்கைப் போட்டு, இரண்டும் ஒத்திருந்தால் கதவைத் திறக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு சிட்டிகை ‘உப்பு’ம் சேர்க்கிறார்கள். ஆம், அதன் தொழிற்பெயரே அதுதான்! ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் ஆளுக்கொரு உப்புச் சேர்வதால் விளையும் வடிவங்கள் வேறுபட்டுவிடும். தொடக்க கால யூனிக்ஸில் 4,096 வகை உப்புகள் இருந்தன. ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இவற்றை விளக்கியுள்ளனர். மக்கள் தாமாகத் தேர்ந்தெடுத்த 3,289 கடவுச்சொற்களை அவர்கள் சேகரித்துப் பார்த்தபோது, அவற்றுள் 86 விழுக்காடு எளிதில் கண்டுபிடித்துவிடக் கூடியவையாகவே இருந்தனவாம். 15 பேர் ஒற்றை எழுத்தையே பூட்டாக வைத்திருந்தனர்!

இதனால் நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. “நான் மறந்துவிட்டேன், என் சொல் என்னவென்று நீயே சொல்” என யூனிக்ஸ் கணிப்பொறியிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கே அது தெரியாது. பழைய சொல்லை மீட்பது என்பது அங்கே இல்லை. அதிகாரமுள்ள ஒருவர் புதிய சொல்லை இடுவது ஒன்றே வழி.

அந்த அதிகாரமுள்ளவருக்கு ‘ரூட்’ என்று பெயர். வேர் என்பது அதன் பொருள். ஒரு மஹல்லாவில் பல குடும்பங்கள் இருக்கின்றன. அவரவர் வீட்டுச் சாவி அவரவரிடம் இருக்கிறது. பள்ளிவாசல் சொத்து முழுவதற்கும் பொறுப்பாளராக முத்தவல்லி இருக்கிறார். யூனிக்ஸ் கணிப்பொறியின் முத்தவல்லிதான் ரூட் என்று வைத்துக்கொள்ளலாம். பிறர் மறந்த பூட்டை மாற்றித்தர அவரால் முடியும். முத்தவல்லியே சாவியைத் தொலைத்துவிட்டால்? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

நம் வீட்டுக்குள் யூனிக்ஸ்

“யூனிக்ஸ் அமெரிக்காவில் இருப்பது; நமக்கென்ன?” என்று எண்ணிவிட வேண்டாம். யூனிக்ஸின் இலக்கணத்தைப் பின்பற்றி 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கியதே ‘லினக்ஸ்’. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு செல்போனுக்கும் அடித்தளம் அதுவே. அதைக்கொண்டு சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் சென்னையில் உருவாக்கியது ‘போஸ்’ லினக்ஸ். முதற்பதிப்பு 2007-இல் வெளிவந்தது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அக்காலத்தில் வழங்கப்பட்ட லேப்டாப்புகளில் விண்டோஸுடன் போஸ் லினக்ஸும் சேர்த்தே பதியப்பட்டிருந்தது. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நிறுத்தப்பட்டபோது, அரசு அலுவலகங்களும் போஸ் லினக்ஸுக்கு மாறுமாறு அறிவுறுத்தப்பட்டன. ஆக, யூனிக்ஸின் வழித்தோன்றல் நம் தெருக்களுக்கு வந்து பல ஆண்டுகளாகிவிட்டன. பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போனபின், அந்த லேப்டாப் வீட்டுக் கணக்குக்கும் கடைக் கணக்குக்கும் ஜமாஅத் கணக்குக்கும் பயன்பட்டு வருவதை நாம் காண்கிறோம். சில வீடுகளிலோ, “கடவுச்சொல் மறந்துபோயிற்று” என்ற ஒரே காரணத்தால் பரணில் தூசி படிந்து கிடப்பதையும் காண்கிறோம்.

கடன் எழுதிய ஏடு

சிவகாசி வட்டாரத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. பட்டாசுக்கான காகிதக் குழாய்களை வீடுகளில் சுற்றி வாங்கி ஆலைகளுக்கு அனுப்பும் சிறுதொழில் செய்து வந்தார் ஒருவர். நேர்மையாளர், ஐவேளைத் தொழுகையாளி. மாரடைப்பில் ஓரிரவில் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் வழக்கம்போல் மகன் எழுந்து நின்று, “என் அத்தா யாருக்கேனும் கடன்பட்டிருந்தால் எங்களிடம் வந்து பெற்றுக்கொள்ளுங்கள்” என்று அறிவித்தான். அண்ணல் நபி (ஸல்) அவர்கள், ஜனாஸா கொண்டுவரப்பட்டால் அவருக்குக் கடன் உண்டா என்று வினவியதும், கடனை அடைக்க வழியில்லாதவருக்குத் தாம் தொழுவிக்கத் தயங்கியதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒருவரின் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுவித்ததும் நாம் அறிந்த வரலாறு. கடன் அத்தகைய சுமை.

மூன்றாம் நாள் ஒருவர் வந்தார், ஐந்தாம் நாள் இன்னொருவர் வந்தார். சொன்ன தொகை சரியா என்பதற்கு ஆதாரமில்லை. “எல்லாக் கணக்கும் அந்த லேப்டாப்பில்தான் எழுதுவார்” என்று இத்தாவிலிருந்த மனைவி உள்ளறையிலிருந்து சொல்லியனுப்பினார். மகனுக்குப் பள்ளியில் கிடைத்த லேப்டாப் அது. விண்டோஸ் பழுதான பிறகு லினக்ஸில் மட்டுமே இயங்கி வந்தது. திறந்தால் கடவுச்சொல் கேட்டது. மகன் தன் பெயரைத் தட்டிப் பார்த்தான். தங்கையின் பெயரையும் பிறந்த ஆண்டையும் தட்டிப் பார்த்தான். கதவு திறக்கவில்லை. “அத்தா எங்களிடம் சொல்லவே இல்லையே!” என்று மகள் அழுதாள். பழுதுபார்க்கும் கடையொன்றில் காட்டியபோது, “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்து தரலாம், உள்ளே இருப்பவை போய்விடும்” என்றார்கள். அழிக்கச் சொல்லியிருந்தால் இறந்தவரின் அமானிதக் கணக்கு அனைத்தும் ஒரு நொடியில் போயிருக்கும்.

எங்கள் மத்ரஸாவில் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் அப்போது கல்லூரியில் கணிப்பொறி பயின்றுவந்தார். அந்த அம்மையாரின் சகோதரர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தார். அந்த இளைஞர் உடனே கைவைக்கவில்லை. “மாமு, வாரிசுகள் எல்லாரும் சம்மதம்தானா? மாமியிடம் கேட்டீர்களா?” என்று முதலில் வினவினார். சம்மதம் கிடைத்ததும், “கணக்கு ஏட்டை மட்டுமே திறப்பேன், மற்றவை அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே உள்ளவை” என்றார். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவர் செய்தது இதுதான். வேறொரு லினக்ஸ் பதியப்பட்ட பென்டிரைவை லேப்டாப்பில் செருகி, அதிலிருந்தே கணிப்பொறியை இயக்கினார். உள்ளே பூட்டிக் கிடந்த வட்டு அப்போது ஒரு பெட்டியைப் போல் திறந்துகொண்டது. முதல் வேலையாகக் கணக்கு ஏட்டைப் படியெடுத்து வைத்தார். பிறகுதான் பழைய கடவுச்சொல்லை நீக்கிப் புதியதை இட்டார். எல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்தது.

ஏட்டில் மூவருக்குத் தரவேண்டியதும் அறுவரிடமிருந்து வரவேண்டியதும் தேதியோடு இருந்தன. கடைசியில் ‘அமானிதம்’ என்று தலைப்பிட்டு ஒரு வரி இருந்தது. குழாய் சுற்றும் விதவைத் தாய் ஒருவர், தம் மகளின் நிக்காஹ்வுக்காகக் கூலியில் சிறிது சிறிதாகக் கொடுத்து வைத்திருந்த 42,000 ரூபாய்! அந்தத் தாய் வந்து கேட்கவே இல்லை. துக்க வீட்டில் போய்ப் பணம் கேட்பதா என்ற கூச்சம். கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை என்ற அச்சம். பணம் அவரிடம் சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். அந்த வட்டு திறக்காமலே போயிருந்தால் அவர் உரிமை என்னவாகியிருக்கும்? கப்ரில் இருப்பவரின் பொறுப்பு என்னவாகியிருக்கும்?

திறக்கும் முறை

இத்தகைய நிலை யாருக்கும் வரலாம் என்பதால், செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, பூட்டு உண்மையில் பூட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். யூனிக்ஸின் எழுத்துத் திரையில் கடவுச்சொல் தட்டும்போது புள்ளியோ நட்சத்திரமோ தோன்றாது. விசை வேலை செய்யவில்லை என்று பலர் கருதிவிடுகின்றனர். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான விசை அழுந்தியிருக்கலாம். நம் தமிழர்க்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு: விசைப்பலகை தமிழுக்கு மாறியிருக்க, நாம் ஆங்கிலச் சொல்லைத் தட்டிக்கொண்டிருப்போம்! பயனர் பெயர் கேட்கும் இடத்தில் அச்சொல்லைத் தட்டிப் பார்த்தால் எந்த எழுத்து விழுகிறது என்பது தெரிந்துவிடும், பார்த்தபின் அழித்துவிடுங்கள். மேலும், சில அமைப்புகளில் மூன்று முறை தவறினால் பத்து நிமிடம் கதவு அடைபட்டுவிடும். அந்நேரத்தில் சரியான சொல்லைத் தட்டினாலும் திறக்காது. எனவே பதறாமல் சற்று நேரம் விட்டு முயலுங்கள்.

இரண்டாவது, அந்தக் கணிப்பொறியில் வேறு யாருக்கேனும் ரூட் அதிகாரம் உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் வேலை எளிது. அவர் உள்ளே நுழைந்து, உங்களுக்குப் புதிய சொல்லை இட்டுத் தரலாம். அதற்கான கட்டளை பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி என்னும் ஆறு ஆங்கில எழுத்துகள். அதையடுத்து உங்கள் பயனர் பெயர். அவ்வளவுதான்.

மூன்றாவது, அப்படி எவரும் இல்லையெனில் மீட்பு முறை இருக்கிறது. கணிப்பொறி விழித்தெழும் முதற்கணத்தில், பழைய கருவிகளில் ‘ஷிஃப்ட்’ விசையையும் புதியவற்றில் ‘எஸ்கேப்’ விசையையும் அழுத்தினால் ஒரு பட்டியல் தோன்றும். அதில் ‘ரெக்கவரி மோட்’ என்னும் வரி இருக்கும். உபுண்டு போன்றவற்றில் அதன்வழி ரூட்டாக நுழைந்து கடவுச்சொல்லை மாற்றலாம். போஸ் லினக்ஸின் மூலமான டெபியன் வகையில் அந்த வழியும் ரூட்டின் சொல்லையே கேட்கும். அப்போது பட்டியலில் நின்று ‘இ’ எழுத்து விசையை அழுத்தி, தொடக்கக் கட்டளையின் இறுதியில் ஒரு சிறு சேர்க்கை செய்து, காவலரை எழுப்பாமல் நேரே உள்ளறைக்குச் செல்லும் முறை உண்டு. உள்ளே சென்றதும் வட்டு படிப்பதற்கு மட்டுமே திறந்திருக்கும். எழுதுவதற்கும் திறந்துவிட்ட பின்னரே புதிய சொல் பதியும். இவ்விடத்தில் பலர் தவறிவிடுகின்றனர். பழக்கமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்வதே நலம்.

நான்காவது, பென்டிரைவ் வழி. மேலே சொன்ன இளைஞர் செய்தது இதைத்தான். எதை மாற்றுவதற்கும் முன்னால் தேவையான ஏடுகளைப் படியெடுத்துக்கொள்ள இதுவே பாதுகாப்பானது.

இவற்றால் கதவு திறந்தாலும், உள்ளே சேமித்து வைத்திருந்த மின்னஞ்சல், இணையதளச் சாவிக்கொத்து பழைய கடவுச்சொல்லைத்தான் கேட்கும் என்பதையும் நினைவிற்கொள்க. வீட்டுக் கதவின் பூட்டை மாற்றியதால் பீரோவின் பூட்டு மாறிவிடாது அல்லவா?

திறக்க முடிவது வேறு, திறக்கலாகுமா என்பது வேறு

இங்கே ஓர் ஐயம் எழலாம். “கருவி கையில் கிடைத்தால் யாரும் திறந்துவிடலாம் என்றால், பூட்டால் என்ன பயன்?” நியாயமான கேள்வி. யூனிக்ஸின் கடவுச்சொல், முன்வாசலில் வருபவரைத் தடுக்கிறது. கருவியையே தூக்கிச் செல்பவரைத் தடுக்கும் வலிமை அதற்குக் கிடையாது. ஆகவே கருவியைப் பாதுகாப்பதும் பாதுகாப்பில் அடக்கம்.

அதனினும் முக்கியமானது, நம் மார்க்கம் கற்றுத்தரும் ஒழுக்கம். பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமலும் ஸலாம் கூறாமலும் நுழையக் கூடாதென்று அந்நூர் அத்தியாயத்தின் 27, 28-ஆம் வசனங்கள் கட்டளையிடுகின்றன. மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்கவில்லையெனில் திரும்பிவிட வேண்டும் என்பது நபிவழி. கணிப்பொறியும் மூன்று முறைக்குப் பின் கதவை அடைத்துக்கொள்வதைக் காணும்போது இந்த நபிவழியே என் நினைவுக்கு வருகிறது. மனைவியின் செல்போனைக் கணவனும், கணவனின் கணிப்பொறியை மனைவியும், நண்பனுடையதை நண்பனும் துருவித் துருவித் திறப்பது திறமையாகாது. தஜஸ்ஸுஸ் எனத் தடுக்கப்பட்ட வேவுபார்த்தலே ஆகும். நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகளின்படி, உரியவர் அனுமதியின்றி நேர்மையற்ற நோக்கத்தோடு பிறர் கணிப்பொறிக்குள் நுழைபவருக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

திறவாத பூட்டு

மேலே சொன்ன வழிகள் எதுவும் பயன்படாத பூட்டும் ஒன்றுண்டு. வட்டு முழுவதையும் மறைகுறியாக்கி வைக்கும் முறை அது. லினக்ஸில் அதற்கு ‘லக்ஸ்’ என்று பெயர். இதில் ஏட்டின் எழுத்துகளே உருமாறிக் கிடக்கின்றன. பென்டிரைவ் வழியே நுழைந்தாலும் பொருளற்ற குறிகளைத்தான் காணலாம். நல்ல நீளமான சொல்லால் பூட்டப்பட்டிருந்தால், உலகின் எந்தக் கடையாலும் திறக்க முடியாது.

முயற்சியால் எதையும் கண்டுபிடித்துவிடலாமே என்று சிலர் கேட்பர். பழைய யூனிக்ஸ் ஆவணங்களில் கென் தாம்சன் தமக்கு வைத்திருந்த கடவுச்சொல்லின் மாற்றப்பட்ட வடிவம் ஒன்று எஞ்சியிருந்தது. டென்னிஸ் ரிட்சி உள்ளிட்ட பலரின் சொற்கள் எளிதில் பிடிபட்டுவிட, தாம்சனுடையதோ பல ஆண்டுகள் யாருக்கும் வசப்படவில்லை. 2019 அக்டோபரில் ஒருவர், இக்கால விரைவுக் கருவியை நான்கு நாட்களுக்கும் மேலாக ஓடவிட்டு அதைக் கண்டுபிடித்தார். சதுரங்க ஆட்டத்தின் ஒரு தொடக்க நகர்வு அது! எட்டே எழுத்துகள் கொண்ட, 1970-களின் பூட்டுக்கே இத்தனை பாடு. இக்காலப் பூட்டின் முன் நம் மகனும் மகளும் என்ன செய்வார்கள்?

ஆனால் இந்த லக்ஸ் பூட்டிலேயே ஒரு நற்பண்பும் இருக்கிறது. ஒரே பூட்டுக்குப் பல சாவிகளை அமைக்கலாம். அதன் முதற்பதிப்பில் எட்டுச் சாவிகளுக்கு இடமுண்டு. அடுத்த பதிப்பில் 32 வரை வைக்கலாம். ஒரு சாவி உங்கள் மனத்தில் இருக்கட்டும். இன்னொன்றை நம்பிக்கைக்குரியவரிடம் ஒப்படைக்கலாம். ஒருவருடைய சாவியை நீக்கினாலும் மற்றவர் சாவி செல்லும். அதை அமைத்தவர்களே, ‘ஒருவர் மட்டும் அறிந்திருப்பது போதாது’ என்று உணர்ந்துதான் இவ்வாறு செய்திருக்கிறார்கள் போலும்!

கஅபாவின் திறவுகோல்

திறவுகோல் பற்றிப் பேசும்போது ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டை, கி.பி. 630-ஐ, நினையாமல் இருக்க முடியுமா? மக்கா வெற்றியின்போது கஅபாவின் திறவுகோல் உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமிருந்து பெறப்பட்டது. அந்தப் பொறுப்பையும் தம் குடும்பத்தாருக்கே தரும்படி நெருங்கிய உறவினர் வேண்டினர். வெற்றியாளராக நின்ற பெருமானார் (ஸல்) அவர்களோ, உஸ்மானை அழைத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கப் பணிக்கும் அந்நிஸா அத்தியாயத்தின் 58-ஆம் வசனத்தை இந்நிகழ்ச்சியோடு விரிவுரையாளர் பலர் இணைத்துரைக்கின்றனர்.

அன்று முதல் இன்று வரை அந்தத் திறவுகோல் அக்குடும்பத்தாரிடமே இருந்து வருகிறது. 2024 ஜூனில் அதன் காப்பாளராக இருந்த டாக்டர் ஸாலிஹ் அல்ஷைபீ மறைந்தபோதும், அடுத்தவரிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளில் எத்தனையோ காப்பாளர்கள் கப்ருக்குச் சென்றார்கள். திறவுகோல் ஒருவரோடும் புதைக்கப்படவில்லை. யாருக்குப் பின் யார் என்பது தெளிவாயிருந்ததே காரணம்.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று. 2008 ஜூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநகராட்சியில், கணிப்பொறி வலைப்பின்னலைப் பராமரித்த பொறியாளர் அதன் கடவுச்சொற்களை மேலதிகாரிகளிடம் தர மறுத்துவிட்டார். சிறையில் அடைக்கப்பட்ட பின், மேயர் கேவின் நியூசம் நேரில் சென்ற பிறகே, அவரிடம் மட்டும் தெரிவித்தார். தகுதியற்றவர் கையில் தரக் கூடாதென்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை, 2010-இல் அவருக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நம் கையில் இருக்கிறது என்பதால் திறவுகோல் நம்முடையதாகிவிடாது. ஜமாஅத் கணக்கையும், நிக்காஹ் பதிவேட்டையும், வட்டியில்லாக் கடன் நிதியின் ஏட்டையும் கணிப்பொறியில் வைத்திருக்கும் நம் சகோதரர்கள் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியவை

அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமே குர்ஆனில் மிக நீண்டது. அது தவணைக் கடனை எழுதி வைப்பது பற்றியும் சாட்சி அமைப்பது பற்றியும் பேசுகிறது. எழுதுவதன் நோக்கம், தேவைப்படும்போது படிக்கப்படுவதே. யாராலும் திறக்க முடியாத ஏட்டில் எழுதிய கடன், எழுதப்படாத கடனைப் போன்றதே ஆகிவிடும். வாரிசுகள் பங்கு பிரிக்கும் முன் கடனும் வஸிய்யத்தும் நிறைவேற வேண்டும் என்பது இறைச்சட்டம். வஸிய்யத் செய்ய வேண்டிய பொருளுடையவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாதென்னும் கருத்தில் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

ஆகவே, குடும்பத் தலைவர்களே! உங்கள் வஸிய்யத் ஏட்டில் ஒரு பக்கத்தைக் கணிப்பொறிக்கும் செல்போனுக்கும் ஒதுக்குங்கள். எந்தக் கருவியில் எந்தக் கணக்கு உள்ளது, அதன் கடவுச்சொல் என்ன என்று எழுதுங்கள். உறையிலிட்டு ஒட்டி, பீரோவில் வைத்து, இருக்குமிடத்தை மனைவிக்கோ பொறுப்பான பிள்ளைக்கோ சொல்லிவையுங்கள். சொல்லை மாற்றும்போதெல்லாம் உறையையும் மாற்றுங்கள். வங்கி இரகசிய எண் போன்றவற்றைப் பிறரிடம் எழுதித் தர வேண்டியதில்லை. வங்கியில் நாமினியைப் பதிவு செய்தலே அதற்கு முறை. அமானிதமாக யார் எதைக் கொடுத்திருந்தாலும் கணிப்பொறியில் மட்டும் எழுதாமல், கொடுத்தவர் கையிலும் ஒரு சீட்டுக் கொடுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! பொதுக் கணக்குள்ள கணிப்பொறிக்கு இருவரிடமாவது சாவி இருக்கட்டும். ஒருவர் வளைகுடா நாட்டுக்குப் பயணமானாலும், பதவி மாறினாலும், உலகைவிட்டே சென்றாலும் மஹல்லாவின் வேலை நின்றுவிடக் கூடாது. மாதத்துக்கு ஒருமுறை கணக்கைக் காகிதத்தில் அச்செடுத்துக் கையெழுத்திட்டு வையுங்கள்.

தாய்மார்களே! உங்கள் கணவர் எழுதும் கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்பது அவநம்பிக்கையாகாது. அவரது மறுமைப் பொறுப்பில் நீங்கள் காட்டும் அக்கறை அது.

மரணம் தேதி சொல்லிக்கொண்டு வருவதில்லை. இதை எங்கள் வட்டாரத்தாருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காலையில் தூக்குச்சட்டியோடு வீட்டைவிட்டுப் புறப்பட்ட எவரும் அதைக் கடைசிப் பயணமாக நினைத்திருக்க மாட்டார்கள்.

கி.பி. 622-இல், கொலைகாரர்கள் வீட்டைச் சூழ்ந்திருந்த இரவில் மக்காவைவிட்டுப் புறப்பட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அந்த ஊராரே தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருள்களை அவரவரிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். உயிருக்கே ஆபத்தான வேளையிலும் எது யாருடையது என்று அறிந்த ஒருவர் பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். அந்த உம்மத்தினராகிய நாம், நிம்மதியாக அமர்ந்திருக்கும் இந்த இரவில் ஒரு தாளை எடுத்து நான்கு வரி எழுத முடியாதா?

நம்மிடமுள்ள அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பித்துவிட்டு, சுமையற்றவர்களாகத் தன்னைச் சந்திக்கும் பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.